விரற்கடை

அக்டோபர் கடைசி. சகனே ஆற்றங்கரையில் முதல் உறைபனி.
பதினெட்டு வாரம் ஆன முப்பத்தேழு விடலைச் சேவல்கள்.
ஆறுதான் குளிர்காலத்தைப் பார்க்கும்.

முதலில் தலை.
அகன்ற மண்டை, நெற்றியில் அழுத்திவைத்த பட்டாணிபோல் கொண்டை,
தாடி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.
உறைபனி கருக்குவதற்கு எதையும்
மிச்சம் வைக்காத வெள்ளை இனம் இது.
பிறகு முதுகில் உள்ளங்கை.
தோள் முதல் வால்வரை ஒரே அகலமாகப் போக வேண்டும்.
குறுகினால் கறி குறையும்,
பிறக்கப்போகும் மகள்களின் வயிற்றில் இடம் குறையும்.
நெஞ்செலும்பு படகின் அடிமரம்.
கோணியிருந்தால், எப்பேர்ப்பட்ட அழகனும் குழம்புக்குத்தான்.

இருபத்திரண்டாம் எண் நல்ல கனம்.
மூன்று கிலோவுக்கு நூறு கிராம்தான் குறைவு.
இடது கால் விரல் ஒன்று வெளியே திரும்பியிருக்கிறது.
பார்க்காததுபோல் இறக்கி விட்டேன்.
மதியம் மறுபடி எடுத்தேன்.
மதியமும் அது திரும்பித்தான் இருந்தது.
சிவப்பு வளையம்.

பெட்டைகளுக்கு வேறு கணக்கு.
வால் அடியில், இரண்டு இடுப்பெலும்புக்கு நடுவே
எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்பது.
பழைய நோட்டில் நோர்மானின் எழுத்து:
'இரண்டு விரற்கடை. கழித்துவிடு.'
'மூன்று விரற்கடை. இருக்கட்டும்.'
யார் விரல் என்று எழுதவில்லை.
மரமறுக்கும் ஆலை வளர்த்த விரல்கள் அவனுடையவை.
அவன் இரண்டு என்றால் எனக்கு மூன்று.
பிரிந்த பிறகு, தனியாக ஒரு பெட்டையைத் தூக்கியபோதுதான்
இது எனக்கு உறைத்தது.
ஏழு வருடம் எத்தனை நல்ல பெட்டைகளைத்
தின்று தீர்த்திருக்கிறோம்!

நீதிமன்றத்தில் வண்டி வந்தது, உறைபெட்டி வந்தது,
கோழிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
சிறுவர்கள் ஆட்டத்துக்கு உத்தி பிரிப்பதுபோல்
கூட்டின் முன் நின்று மாறி மாறி எடுத்தோம்.
அவன் கனத்தை எடுத்தான்.
நான் புழு கிடைத்தால் பெட்டைகளைக் கூப்பிடுகிறவனை எடுத்தேன்.
இரண்டு பேருமே ஜெயித்ததாக நினைத்தோம்.

மூன்றாம் வசந்தத்தில் நூறு முட்டைக்கு நாற்பது குஞ்சு.
பொரிந்ததும் தள்ளாடின.
ரத்தம் ரத்தத்தையே சுற்றி வந்துவிட்டது.
தொலைபேசியை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
'உன்னிடமும் அப்படித்தானா?' என்றான்.
அவனுடையவை சுவர்போல் அகலம்,
வாரத்துக்கு இரண்டு முட்டை.

அதிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலும்
இருவருக்கும் பாதி வழியில் இருக்கும் பெட்ரோல் பங்கில்
சேவல் மாற்றிக்கொள்கிறோம்.
பெட்டியைத் திறந்து, விளக்குக் கம்பத்தின் கீழ்
அவன் எதிரிலேயே நெஞ்செலும்பைத் தடவிப் பார்ப்பேன்.
என்னுடையதை அவனும் அப்படித்தான்.
காப்பி குடிப்பதில்லை.
போன வருடம் காசு கொடுக்க வந்த ஒருத்தி
பிள்ளையைக் கைமாற்றுகிறோம் என்று நினைத்து
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
பெட்டி கூவியது.

இந்த முறை ஏழும் முப்பதும் மிஞ்சி நிற்கிறார்கள்.
ஏழில் குறை தேடினேன், கிடைக்கவில்லை.
முப்பதும் நல்லவன்தான், தொடை கொஞ்சம் மெலிவு.
நோர்மானுக்குப் போவது மஞ்சள் வளையம்.
முப்பதின் காலில் போட்டேன்.
நியாயம்தான்.
யார் தன் முதல் சேவலைக் கொடுப்பார்கள்?

ஆனால் அவன் கூட்டுக்குப் போகிற மெலிந்த தொடை
இரண்டு வருடத்தில் பேரனாகி
அதே பங்கில், அதே பெட்டியில்
என் கைக்கே திரும்பி வரும்.
இது பெருந்தன்மை இல்லை, கணக்கு.
கத்தரியால் வளையத்தை வெட்டினேன்.
புதிது ஒன்றை ஏழுக்குப் போட்டேன்.
நோட்டிலும் ஒரு திருத்தம்:
இனி 'விரற்கடை' என்றால் என் விரல்.

கொப்பரையில் தண்ணீர் அறுபத்துமூன்று டிகிரி.
கூம்பைக் கழுவி மாட்டியாயிற்று.
இருபத்திரண்டே, வா.