கெலுகோர் புளி

தூசியில்லா அறைக்குள் போக
உச்சிமுதல் பாதம்வரை வெள்ளை உடுப்பு.
மின்சில்லுகளுக்கு நம் தோல் அழுக்காம்.
போன வருடம் எல். இந்த வருடம் எக்ஸ்எல்.
மேற்பார்வையாளர் தியோ முகம் மாறாமல் சொன்னார்,
"அடுத்த அளவுக்குக் கூடாரம்தான் வாங்கணும்."
எல்லோரும் முகமூடிக்குள் சிரித்தார்கள்.
கண்கள் மட்டும் தெரிகிற இடத்தில்
சிரிப்பு எவ்வளவு நன்றாகத் தெரிகிறது.

இரவு மூன்று மணி ஓய்வில்
மைலோவை ஆற்றியபடி நோர்ஹயாத்தி
ஒரு புட்டியை நகர்த்தினாள்.
நூற்றிருபது வெள்ளி, மூன்று தவணை.
அறுபது கேப்சூல். நூறு விழுக்காடு இயற்கை.
'வெப்பமண்டல அற்புதக் கனியின் சாறு.'
படத்தில், பூசணி பெற்ற குழந்தை போல்
வரிவரியாய் மஞ்சள் பழம்.
அடி பாவி, இது நம் ஆசாம் கெப்பிங்!
ஆயர் ஈத்தாம் சந்தையில்
அறுந்த செருப்புத் துண்டு மாதிரி
காய்ந்து சுருண்டு கிடக்குமே,
பை மூன்று வெள்ளிக்கு.
சொல்லவில்லை. முதல் தவணையைக் கொடுத்தேன்.

நான் இருப்பது கெலுகோர்.
இந்தப் புளிமரம் நின்றதால் வந்த பெயர் என்கிறார்கள்.
பதினாறு வருடமாய்
பன்னிரண்டாம் மாடியிலிருந்து பார்க்கிறேன்,
பாலம் தெரிகிறது, கடல் தெரிகிறது,
ஒரு மரமும் தென்பட்டதில்லை.
பேருந்து நிறுத்தப் பலகையில் மட்டும் காய்க்கிறது.

சாப்பாட்டுக்கு அரைமணி முன் இரண்டு.
முதல் வாரம் நெஞ்செரிச்சல்.
இரண்டாம் வாரம் நெஞ்செரிச்சலும் பசியும்.
மூன்றாம் வாரம் மருந்தகத்து எடைக்கருவியில்
இருபது காசு போட்டு
செருப்பைக் கழற்றி
கைப்பையை இறக்கி
வளையலையும் உருவிவிட்டு நின்றேன்.
எழுபத்தெட்டு.
வளையலை மாட்டிக்கொண்டு ஏறினேன்.
எழுபத்தெட்டு.
குறைந்தது நாற்பது காசுதான்.

அந்த ஞாயிறு கெம்போங் மீன் ஆறு கிடைத்தது,
கண் கலங்காத மீன்.
மசாலா கொதித்து எண்ணெய் பிரிகிற நேரம்
ஆசாம் டப்பாவைத் திறக்கிறேன், காலி.
வெளியே மழை. மின்தூக்கி பழுது.
யார் பன்னிரண்டு மாடி இறங்கி ஏறுவது?
(ஏறியிருந்தால் எடை குறைந்திருக்கும்.
இப்போதுதான் உறைக்கிறது.)
அலமாரியில் புட்டி என்னைப் பார்த்தது.
நானும் பார்த்தேன்.

ஒவ்வொன்றாய்த் திருகிப் பிரித்தேன்.
பழுப்புப் பொடி, சட்டியின் மேல் சின்னப் புகை மாதிரி.
நான்கு. ருசி பார்த்தேன்.
ஆறு.
போதும் என்றது நாக்கு.

குணாளன் மூன்றாம் முறை சோறு கேட்டார்.
"குழம்புல இன்னிக்கு என்ன போட்டே?"
"இயற்கை" என்றேன், "நூறு விழுக்காடு."
ஒன்றும் புரியாமல் தலையாட்டி
மீன் தலையை என் தட்டில் வைத்தார்.
நானும் உட்கார்ந்தேன்.
பல நாளுக்குப் பிறகு எண்ணாமல் சாப்பிட்டேன்.
நெஞ்சு எரியவில்லை.

திங்கள் இரவு உடுப்பறையில் நோர்ஹயாத்தி,
இரண்டாம் தவணைக்குக் கையை நீட்டியபடி,
"எப்படி, வேலை செய்யுதா?"
"நல்லா செய்யுது.
மீனுக்கு ஆறு. இறாலுக்கு எட்டு போடணும்னு நினைக்கிறேன்."
ஒரு கணம் விழித்தாள்.
பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
முகமூடி இல்லாமல், பல் தெரிய.
பணத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டாள்.

எக்ஸ்எல்லின் ஜிப் கழுத்துவரை வந்தது.
காற்றறையில் கைதூக்கிச் சுற்றி நின்றேன்.
எட்டுத் திசையிலிருந்தும் ஊதி
என் தூசியெல்லாம் எடுத்தது.
கையுறைக்குள், நகக்கண்ணில்,
நேற்றைய குழம்பு வாசம்.
பச்சை விளக்கு எரிந்தது,
போகலாம் என்று.