பாடத்திட்டத்தின் இரண்டாம் பக்கம்

முதல் பக்கத்தில் என் பெயர், அறை இலக்கம்,
சந்திக்கும் நேரம்: செவ்வாய், இரண்டு முதல் நான்கு வரை.
மழைக்காலத்தில் கதவு ஊதிப்போய் இறுகும். தோளால் தள்ளவும்.

எல்லோரும் நேரே புரட்டுவது இரண்டாம் பக்கத்துக்கு.

வரவுக்குப் பத்துப் புள்ளி.
உரத்து வாசிப்புக்குப் பதினைந்து.
நாடகத்தைக் கண்ணால் மட்டும் படிப்பது
குழம்பை மோந்துவிட்டுக் கை கழுவுவது.
ஒப்படை இரண்டு, ஒவ்வொன்றும் இருபது.
மிச்சம் முப்பத்தைந்து தவணை முடிவில்,
மூன்று மணித்தியாலம், நீலப் பேனை.

மேடைக்குறிப்பையும் மதிக்கவும்.
'மௌனம்' என்று போட்டிருந்தால்
அந்தச் சொல்லை வாசிக்க வேண்டாம்.
சும்மா இருக்கவும். கஷ்டம்தான், அதற்கும் புள்ளி உண்டு.

கதைச்சுருக்கம் எழுதினால் ஒன்றுமில்லை.
யார் செத்தார் என்று எனக்குத் தெரியும்.
ஏன் திரைக்குப் பின்னால் செத்தார் என்று எழுதவும்.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு புள்ளி கழிவு.
மூன்று நாள் தாண்டினால் பாதிப் புள்ளி.

இந்த வரியைப் பதின்மூன்று வருடமாக அச்சடிக்கிறேன்.
கொழும்பில் எனக்குப் படிப்பித்தவரிடமிருந்து எடுத்தது.
நல்ல வரி. நேராக ஓடும் பாதைகளின் வரி.

போன ஐப்பசியில் பொகவந்தலாவைப் பாதையில்
மண் சரிந்து நாலு நாள் பஸ் இல்லை.
ஐந்தாம் நாள் மா. தனுர்ஷிகா வந்தாள்,
உரப்பையின் உள்தாளில் சுற்றிய பதினொரு பக்கத்தோடு.
நான் விதியைச் சொன்னேன்.
அவள் கொஞ்சம் யோசித்துக் கேட்டாள்:
"அப்ப அரைப்பேரா மிஸ்?"

பாதி வகுப்பு சிரித்தது.
டவுனிலிருந்து வரும் மறுபாதிக்கு
அவளே விளக்கினாள். கிலோ குறைந்தால்
செக்ரோலில் அரைப்பேர்.
குறையாவிட்டாலும் சாக்குக்கு ஒன்று,
ஈரத்துக்கு இரண்டு கழிவு.
"அம்மாவுக்கு வியாழக்கிழமை அரைப்பேர். எனக்கு இன்டைக்கு."
முறைப்பாடு இல்லை அந்தக் குரலில்.
பஸ் கட்டணம் சொல்வதுபோல் சொன்னாள்.

கழிவு.
பதின்மூன்று வருடமாக அதே சொல்.
என் அப்பா கணக்கப்பிள்ளை.
செக்ரோலில் அவர் 'அ' போடும்போது
வால் இப்படித்தான் இழுபடும்,
என் கையிலும் இழுபடுகிறது.

இரவு படித்தேன்.
தூதுவன் ஏன் எப்போதும் பிந்தியே வருகிறான்
என்பது அவள் எடுத்த கேள்வி.
நேரத்துக்கு வந்தால் அரசன் பிழைப்பான்,
நாடகம் செத்துவிடும் என்று எழுதியிருந்தாள்.
நாலாம் பக்கத்தில் ஆறு எழுத்துப்பிழை.
ஆதாரமில்லாத கூற்று ஒன்று. முடிவுரை அவசரம்.
இருபதுக்குப் பதினாறு.
விதிப்படி எட்டு.

பக்கத்தில் ரெஜினோல்டின் ஒப்படை கிடந்தது.
அவனும் நோர்வூட் பக்கம்தான்.
அதே மழையில் தேயிலைக்குள் குறுக்குப்பாதை பிடித்து
மூன்று மணித்தியாலம் நடந்து
நாள் தவறாமல் கொண்டுவந்து தந்தவன்.
பதினொன்று.
எழுத்து சுமார், சப்பாத்து முழுக்கச் சேறு.
இவளுக்குப் பதினாறு போட்டால்
அந்தச் சேற்றுக்கு என்ன போடுவது?

எட்டுத்தான் போட்டேன்.
என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டாம்.
மாற்றக் கேட்டு நான் எழுதிய கடிதம்
இன்னும் பதிவாளர் மேசையில் கிடக்கிறது.
பிந்திக் கொடுத்தேனாம்.

ஆகவே, இந்த வருடத்துக்கு:

பாதை மூடினால் அறிவிக்கவும்.
சிக்னல் இல்லாவிட்டால் வரும் முதல் பஸ்ஸின்
கண்டக்டரிடம் சொல்லிவிடவும்.
அவர் வாசலில் நின்று, மூச்சு வாங்க,
நடந்ததையெல்லாம் சத்தமாகச் சொல்வார்.
அந்த நாட்களுக்குக் கழிவில்லை.
நடந்து வந்தவர்கள் வந்த வழியை
ஒரு பக்கம் எழுதித் தரலாம். படிப்பேன்.
புள்ளி பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

காய்ச்சலுக்கு டொக்டர் துண்டு வேண்டும்.
மரணவீட்டுக்கு வேண்டாம்.

கீழே கையொப்பமிட்டு
வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தரவும்.
மழையென்றால் திங்கள்.