நான்காம் குறியீடு

படிவத்தின் அடியில் ஒரு வரி:
"ஆலோசகர் ஒப்பம்."
ரேஷன் கடையில் விரல் வைப்பது போல
அதையும் ஒரு சடங்காகத்தான் நினைத்திருந்தேன்.

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
குடியாத்தம், பேரணாம்பட்டு, கணியம்பாடி.
பெயரை உரித்துவிட்டு எண்ணாகத் தந்தார்கள் என்னிடம்.
இருபத்தேழாம் கேள்வி,
போன மாதம் உடம்புக்கு என்ன?
நான்கு என்றால் காய்ச்சல்.

நான்குகள் பங்குனியில் கண் விழித்தன,
சித்திரையில் ஏறின,
கத்திரி வெயிலில் உச்சிக்குப் போய்
ஆடிக் காற்றில் சரிந்தன.
திரையில் வேலூர்க் கோட்டை மதில் மாதிரி ஒரு வரைபடம்.
இரண்டு ராத்திரி தூக்கமில்லை, சந்தோஷத்தில்.
கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தாயிற்று.

டாக்டர் மெஹஜபீன் என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
கிரீன் சர்க்கிள் நெரிசலில் சிக்கி
முக்கால் மணி நேரம் தாமதம்.
வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல்
மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"யாருக்காவது தெர்மாமீட்டர் வைத்தார்களா?"
இல்லை.
"கையால் எழுதின தாள் இருக்கா?"

இருந்தது. கிடங்கில், ரசகற்பூர வாசனையோடு,
மூன்று தகரப் பெட்டிகளில்.
பென்சில் எழுத்து.
கணியம்பாடித் தாளில் *சூடு*.
குடியாத்தத்தில் தெலுங்கு பேசும் வீட்டில் *வேடி*.
பேரணாம்பட்டில் *கர்மி*.
மூன்று மொழியும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருந்தன.
எந்த ஊரிலோ ஏசி அறையில் உட்கார்ந்து ஒருவர்
மூன்றையும் நான்கு ஆக்கியிருந்தார்.

"இது காய்ச்சல் இல்லை மேடம்.
மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து
பீடி இலை வெட்டிக்கொண்டிருக்கும்போது
வெள்ளைப்படுகிறது என்று எவள் சொல்வாள்?"

அப்படியானால் கத்திரியில் மட்டும் ஏன் ஏறுகிறது?

கொஞ்ச நேரம் பேசவில்லை.
"வெயில் காலத்தில் சூடு என்று சொன்னால்
யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.
மார்கழியில் சொன்னால் பார்ப்பார்கள்."
பிறகு அவளே, "இது என் யூகம்தான்.
கேட்டவர்களைக் கேட்போம்."

கேட்டவர் கோமளேஸ்வரி.
இப்போது ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல்.
சாப்பாட்டு மணியடித்த பிறகுதான் போன் எடுத்தாள்.
"ஆமாங்க, அதுதாங்க.
ஆனா சிலருக்கு நெசமாவே காய்ச்சலும் இருந்துச்சு.
எது எதுன்னு இப்ப எப்படிங்க சொல்றது?"

அன்று ராத்திரிதான் ஞாபகம் வந்தது.
பத்தொன்பது வயதில், சத்துவாச்சாரியில் ஒரு கிளினிக்.
என்னம்மா என்று கேட்ட டாக்டரிடம்
நானும் அதையேதான் சொன்னேன். சூடு.
இளநீர் குடி என்றார்.
குடித்தேன்.
எட்டு மாதம் குடித்தேன்.

அந்தச் சொல் என் வாயிலேயே இருந்ததுதான்.
நெடுவரிசையில் வந்து நின்றபோது
அடையாளம் தெரியவில்லை.

மூன்று சனிக்கிழமை தாள் புரட்டினோம்.
நான்குகளில் பாதிக்கு மேல் இடம் மாறின.
நாற்பத்தோரு தாள் எதிலும் சேரவில்லை.
சராசரியை வைத்து நிரப்பிவிடலாமா என்றேன், பழக்க தோஷம்.
"வேண்டாம். தெரியாததைத்
தெரியாது என்றே போடுங்கள்."
மதில் சரிந்து ஏரிக்கரை அளவுக்கு வந்துவிட்டது.
தலைப்பையும் அடித்துவிட்டேன்.

ஒப்பம் இன்னும் போடவில்லை அவள்.
கடைசிக் கட்டில் ஒரு தாள், அறுநூற்றுப் பதின்மூன்று.
இருபத்தேழுக்கு நேரே கோமளேஸ்வரியின் கையெழுத்து:
*சிரித்தாங்க.*
கணினியில் அது "ஒன்றுமில்லை" என்று இருந்தது.

இதை என்ன செய்வது என்றேன்.
மெஹஜபீன் கண்ணாடியைக் கழற்றி
துப்பட்டாவில் துடைத்தாள்.
"பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு.
இருபத்தெட்டுக்கு என்ன சொல்லியிருக்காங்க, படிங்க."