ஆட்டுக் காதில் ஒரு எண்

ஆரம்பாக்கம் தாண்டினால்
கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும்.
டீயின் விலை மாறாது.
எனக்கு இரண்டு பக்கமும் வேலை.
ஆமைக்குச் சோதனைச்சாவடி கிடையாது.

முப்பத்தொரு வருஷம்
டார்ச் முகத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டி
ராத்திரி பதினொன்றிலிருந்து நாலு வரை
நடந்தது மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று
ஓய்வூதிய விண்ணப்பத்தின் பின்பக்கம்
கணக்குப் போட ஆரம்பித்தேன், போன வாரம்.
எட்டாவது வருஷத்தில் நிற்கிறது.

பங்குனி ஆமை என்று பேர்.
தாய் வருவது தையில், மாசியில்.
பங்குனியில் போவது குஞ்சு.
பேர் வைத்தவர்கள்
யாரைப் பார்த்து வைத்தார்களோ.

முதல் இரண்டு வருஷம்
என் குஞ்சுப் பொரிப்பகத்துக்குக் கூரையில்லை.
நிதி வரவில்லை என்று அறிக்கையில் இருக்கிறது.
கீற்று வாங்கக் காசு என் கைப்பையில் இருந்தது,
அது அறிக்கையில் இல்லை.
மணல் முப்பத்திரண்டைத் தொட்டது.
இருபத்தொன்பது சொச்சத்துக்கு மேலே சூடானால் பெண்,
கீழே ஆண்.
பரீட்சையில் படம் போட்டு எழுதியவள் நான்.
எட்டாயிரத்துக்கும் மேல் குஞ்சுகள்
அலையைப் பார்த்து ஓடின.
வெளியே பார்த்தால் தெரியாது, அறுத்தால்தான்.
செத்துக்கிடந்ததில் பதினாறை அறுத்தேன்.
பதினாறும் பெண்.
கட்டுரை அச்சானது. பதவி உயர்வும் வந்தது.
மூன்றாம் வருஷம் கீற்று போட்டோம்.

பிறகுதான் எண் குத்தும் வேலை.
முட்டையிட்டுக் குழி மூடும் நேரம் பார்த்து
முன் துடுப்பின் ஓரத்தில் இடுக்கியை அழுத்தினால்
ணக்.
அவள் ஒரு மூச்சு விடுவாள், அவ்வளவுதான்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ணக்.
பின்புறம் எங்கள் முகவரி,
கண்டவர் அனுப்பவும்.
யாரும் அனுப்பவில்லை.

இந்தச் சித்திரையில்
சூளூர்பேட்டை கால்நடை டாக்டர் பார்கவி போன் செய்தார்.
"மேடம், தடுப்பூசி போட வந்தேன்.
உங்க ஆபீஸ் அட்ரஸ்
ஒரு ஆட்டுக் காதுல இருக்கு."

வெள்ளாடு. இடது காது. 0417.
உப்பு தின்று ஓரம் தேய்ந்திருந்தாலும்
எண் படிக்கலாம்.
ஆட்டுக்காரர் பெஞ்சலய்யா
வேலியைப் பிடித்தபடி தமிழில் சொன்னார்,
நடுநடுவே தெலுங்கில் நின்று:
"வலையில செத்து வந்துச்சம்மா.
கேஸ் ஆவும்னாங்க, ராவோட ராவா பொதைச்சிட்டோம்.
இத மட்டும் கழட்டி வெச்சிக்கிட்டேன்.
தாயாட்டுக்குப் போட்டேன், அப்புறம் இதுக்கு.
பக்கத்து மந்தையில கலந்தாலும் கண்டுபிடிச்சிடலாம்.
எண்ணு இருந்தா காணாமப் போவாது."

பதிவேட்டைப் பிரித்தேன்.
0417. என் கையெழுத்துதான்.
மாசி, தேய்பிறை, தொண்ணூற்று நாலு முட்டை.
வலது கண்ணில் பழைய காயம்.
குத்தியது என் பதினேழாம் வருஷத்தில்.
எண்ணிப் பார்த்தால் வயசு பொருந்துகிறது,
கூரையில்லாத வருஷத்துக் குஞ்சாக
இருக்கலாம்.
நிரூபிக்க வழியில்லை.
இருந்தாலும் எண்ணினேன், இரண்டு தடவை.

"காசு ஏதாச்சும் குடுப்பீங்களா?" என்றார்.
கொடுத்தேன்.
"தகட்ட எடுத்துக்குங்க."
ஆடு தலையை உதறியது.
இருக்கட்டும் என்றேன்.

படிவத்தில் நான்கு கட்டம்.
எண் எழுதினேன். நாள் எழுதினேன்.
மீட்ட இடம்: தடாவுக்குக் கிழக்கே, கருவேல வேலியோரம்.
நிலை என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பார்கவி அடுத்த ஆட்டைப் பிடிக்கப் போனார்.
0417 அருகே வந்து
என் பையை முகர்ந்து
விண்ணப்பத்தின் ஒரு மூலையைக் கடித்து இழுத்தது.
பின்பக்கம் கிலோமீட்டர் எழுதிய மூலை.
பெஞ்சலய்யா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.
அதற்குள் மென்றுவிட்டது,
ஆறாவது வருஷம் வரை.