இணைப்பு நான்கு

பதினோரு வருசமாக ஒரே பத்தி.
"மேற்படி ஆண்டிக்காடு சுரங்கப்பாதை மழைக்காலத்தில் மூழ்குவதால்
ஏற்றுமதிக்குப் பெரும் இழப்பு. ஆகவே மேம்பாலம்
அமைத்துத் தருமாறு தாழ்மையுடன்…"
அமைச்சர் மாறினால் மேலே பெயர் மாறும்.
இழப்பு மட்டும் வருசத்துக்கு இரண்டு கோடி கூடும்.
கூட்டுவது நான்தான்,
விசைப்பலகையில், ஒரே தட்டில்.

பட்டன் கடை மாடியில் சங்க அலுவலகம்.
பட்ஜெட்டுக்கு முந்தின மாதம்
சால்வை வாங்குவதும் வேன் பேசுவதும்
மனுவுக்கு ஸ்பைரல் போடுவதும் என் வேலை.
கடைசிப் பக்க மூலையில் எறும்பளவு எழுத்தில்
ரா.து. என்று இருக்கும்.
யாரும் அதுவரை வந்ததில்லை.

"கோயமுத்தூர்ல ரண்டு நாள் பயிற்சியாமா,
உள்கட்டமைப்புக் கொள்கையாமா.
எனக்கு ஷிப்மென்ட் கெடக்குது.
துளசிமணி, நீ போயிட்டு வா"
என்றார் தலைவர் சென்னியப்பன்.

நாற்பது பேர், நடுக்கும் ஏசி.
ஒப்பந்தக்காரர்கள், நகராட்சிப் பொறியாளர்கள்,
ஈரோட்டு மஞ்சள் மண்டிச் சங்கத்திலிருந்து ஒருவர்
(கடைசி வரை சட்டையில் மஞ்சள் வாசம்).
பாலத்தின் விலை கட்டி முடித்த நாளோடு முடிவதில்லை,
நாற்பது வருசம் விரிசல் பார்த்து, அடைப்பு எடுத்து,
பெயின்ட் அடித்த செலவும் அதன் விலைதான் என்று
படம் போட்டுக் காட்டினார்கள்.
சீர் மாதிரி, என்று ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.
கல்யாணத்தோடு எந்த வீட்டில் முடிந்திருக்கிறது?

போண்டா இடைவேளைக்குப் பிறகு
கதீஜா மேடம் சொன்னார்:
"எண்ணாமல் கேட்டால் அது மனு இல்லை, முனகல்."

எண்ணினேன்.
மூன்று நாள், காலை ஐந்தே முக்காலிலிருந்து,
சுரங்கப்பாதைக்கு எதிரே பேக்கரி பெஞ்சில்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
பேக்கரிக்காரர் போலீஸா என்று கேட்டார்,
அப்புறம் டீக்குக் காசு வாங்கவில்லை.

கன்டெய்னர் லாரி, நாளொன்றுக்கு முப்பத்தொன்று.
கம்பெனி பஸ் நாற்பத்து நாலு.
நடந்து போனவர்கள்
நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு.
அதில் முக்கால்வாசி பெண்கள்,
நைட் ஷிப்ட் முடித்து, தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு,
கீழே விளக்கில்லாததால்
செல்போன் வெளிச்சத்தை முன்னால் பிடித்தபடி,
சுவரோரம் ஒருவர் பின் ஒருவராக,
தமிழிலும் ஒடியாவிலும் பேசிக்கொண்டு.

"என்ன புள்ள, லாரி இத்தனை கம்மியா இருக்குது?"
தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"நடக்கறவிய கணக்கு நமக்கெதுக்கு?
அவிய நம்ம சங்கத்துல மெம்பரா?"
"நம்ம செக்கிங் டேபிள்ல நிக்கறவியதானுங்."
மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது.
மூணாவது சுற்றில், "சரி, பின்னால எங்காச்சும் வையி."

வைத்தேன். இணைப்பு நான்கு.
மேம்பாலம் முதல் பக்கத்திலேயே இருந்தது,
தடித்த எழுத்தில், பழைய இழப்போடு.

ஐந்து வாரம் கழித்துப் போன்.
கோட்ட அலுவலகம், உதவிப் பொறியாளர், இளங்குரல்.
"மேம்பாலம் இப்போ ஆகாதுங்க.
இணைப்பு நான்கு யார் எண்ணுனது?"

சங்கம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
"நான்," என்றேன். "ரா. துளசிமணி."

நடைபாதை, விளக்கு, மோட்டார் பம்ப்
இந்த நிதியாண்டிலேயே போட்டுப் பார்க்கலாம் என்றார்.
"படிவம் அனுப்பறேன்.
மழை நாள் கணக்கு மட்டும் வேணும்.
அன்னைக்குப் பாதையில எத்தனை பேர் போறாங்க?"

"யாரும் போக மாட்டாங்க."

"அப்போ பூஜ்யமா?"

மழை நாளில் அவர்கள்
மேடேறித் தண்டவாளத்தைக் கடப்பார்கள்.
செருப்பைக் கையில் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்து.
டிபன் பாக்ஸ் தவறி விழுந்தால்
ஒருத்தி திரும்பி ஓடுவாள்.

படிவம் வந்தது. பதினாறு கட்டம்.
லாரி, பஸ், கார், மாட்டு வண்டி கூட இருந்தது.

ஸ்கேல் எடுத்து
பதினேழாவதாக ஒரு கோடு இழுத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.
குடையும் நோட்டும் எடுத்துக்கொண்டு
படியிறங்கினேன்.