மாதிரி வீடு

பார்வதிபுரம் பாலம் தாண்டி
பதினோராம் மாடி.
ஃபிரிட்ஜுக்குள் வெறும் தெர்மாகோல்.
தட்டில் பிளாஸ்டிக் எலுமிச்சை,
தினமும் நான்தான் தூசி துடைக்கிறேன்.
மத்தியானச் சோற்றுக்கு மட்டும் படிக்கட்டு;
உள்ளே வாடை ஏறக் கூடாது.

சுஜிலா வந்தாள்.
கையில் மஸ்கட்டிலிருந்து கணவன், வீடியோவில்.
காட்டினேன்:
விளிம்பே தெரியாத நீச்சல் குளம்,
அதன் பின்னால் சாரலில் பாதி கரைந்த மலை,
கைதட்டினால் விலகும் திரைச்சீலை.
ஆரல்வாய்மொழிக் காற்றைக் கண்ணாடி
இரண்டு அடுக்காய் நின்று தடுக்கும் என்றேன்.
சரி சரி என்றது போன்.

அவள் சுவரில்லாத சமையலறையில்
குழாயைத் திருகினாள்.
காற்றுகூட வரவில்லை.
மாதிரி வீடு மேடம், இணைப்பு கிடையாது.

"சாளை வாங்குனா எங்க வச்சு வெட்ட?"

யுட்டிலிட்டி இருக்கு, மூணுக்கு நாலு,
வாஷிங் மெஷின் போக...
முடிப்பதற்குள்
போனை இத்தாலிய மார்பிளில் மல்லாத்திவிட்டு
சுடிதாரை ஒதுக்கிக் குத்தவைத்தாள் அங்கே.
இல்லாத அருவாமணையை மிதித்து
இல்லாத செதிலை இந்தப் பக்கம் தள்ளி
இல்லாத தலையை அந்தப் பக்கம்.
முழங்கால் சுவரில் இடித்தது.
திரும்பி உட்கார்ந்தாள்.
இடித்தது.

தரையிலிருந்து குரல்:
"மேல லைட்டெல்லாம் சூப்பரா இருக்கு கேட்டியா,
அட்வான்ஸ் போட்டுருவமா?"

அவள் எழுந்து
கையை முகர்ந்து பார்த்தாள்.

படிவத்தில் நான்கு கட்டம்:
வாஸ்து, விலை, வியூ, இதர.
இதரவில் எழுதினேன்,
சாளை.
மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார்.