இஞ்சிக்கல்

காவ் யின்லியனின் வீடு கட்டியதல்ல, குடைந்தது.
ஷான்ஷியின் மஞ்சள் மேட்டுக்குள் மூன்று அறைகள்.
புகைபோக்கி மட்டும் மேலே ஆப்பிள் தோப்பில் முளைத்து
தனியாக நின்று புகைக்கிறது.

அடுப்படிச் சுவரில் இரண்டு விரற்கடைக்கு ஒரு பை,
பைக்கு ஒரு எண்.
"சுவரைப் பொட்டலம் கட்டுகிறாய்,
கடை வைக்கப் போகிறாயா?"
பூண்டு நசுக்கியபடியே கேட்கிறாள்.

சம்பளத்துக்கு மண் சுரண்டுகிறவன் நான்.
தெரிந்ததைச் சொன்னேன்:
இந்த மஞ்சள், வடக்கே இருந்து காற்று சுமந்த தூசி.
ஆறுகள் உறைந்து கிடந்த காலம்.
மரமில்லை. மாசிப்பத்திரியும் கட்டைப்புல்லும்.
இதோ, குளிரையே விரும்பிய நத்தையின் ஓடு,
மிளகளவு.

பிறகு மழை திரும்பியிருக்கிறது.
ஒரு பருவமல்ல, ஆயிரக்கணக்கில்.
புல் அடர்ந்தது, புதர் வந்தது,
வேர் இறங்கிய வழியெல்லாம் புழு இறங்கியது.
தூசி மெல்ல மண்ணானது; மண் சிவந்தது.
மேலிருந்த சுண்ணாம்பைக் கரைத்து இறக்கிய மழை
அடியில் அதை
முடிச்சு முடிச்சாகப் போட்டுவிட்டுப் போயிற்று.

"இஞ்சிக்கல்லா?"
கரண்டியால் கூரையைக் காட்டினாள்.
கணு கணுவாக, வெள்ளையாக.
"அதற்குக் கீழே குடைந்தால்தான் வீடு நிற்கும்.
எங்களில் யாருக்குத் தெரியாது?"

பேராசிரியர் முப்பது ஆண்டு தேடிய வெதுவெதுப்பான யுகம்
இவள் தலைக்குமேல் பாரம் தாங்குகிறது.
வாசல் நெற்றியில் அந்தச் செம்பட்டை,
அதன்மேல் மறுபடி மஞ்சள்,
மறுபடி குளிர்.

"காற்று நின்றதென்று யார் சொன்னது?"
கொடியில் கிடந்த போர்வையை உதறினாள்.
வெயிலில் ஒரு கணம் தூசி தொங்கியது.
பங்குனி, சித்திரை என்று நம் ஊரில் சொல்வோமே,
அந்த மாதங்களில் இரண்டு வேளை பெருக்குகிறாள்,
மணமாகி வந்ததிலிருந்து.

மனதுக்குள் கணக்குப் போட்டேன்.
நாற்பது ஆண்டுத் தூசி ஒரு நெல்மணி கனம் வரலாம்.
நாளை எவனாவது இந்த மலையைப் புரட்டினால்
இந்த முற்றத்தில் மட்டும்
ஓர் ஏடு குறையும்.

கிளம்பும்போது சுவரைப் பார்த்தாள். நாற்பத்தேழு குழிகள்.
"இப்படியே விட்டா போவாய்?"

வைக்கோல் நறுக்கி, மண் பிசைந்து,
அவள் நீட்ட நீட்ட நான் அடைத்தேன்.
லட்சம் ஆண்டுக்கு முந்திய பனிக்காலத்தின் நடுவே
போன அறுவடையின் கோதுமைத்தாள்.
ஒரு குழியில் பூண்டுத்தோலும் போயிருக்கும்.

குறிப்பேட்டில் அதை எழுதவில்லை.